அடிக்கடல் நாட்டுச் சட்டம் ஒன்றை நீக்குகிறேன்

சூசை,

நலமா என்று கேட்டுத் தொடங்கிய என் கடிதங்களையெல்லாம் நீ பிரிக்காமலே அடுக்கி வைத்திருக்கிறாய் என்று உன்னைப் பார்த்துவிட்டு வந்த இப்ராகிம் பாய் சொன்னார். அதனால் இதில் நலம் விசாரிக்கவில்லை. இதை உறையிலும் போடவில்லை. நம் மாதா கோயில் பங்குப் பத்திரிகையில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். ரங்கூனில் நம்மவர் கூடும் கோயிலுக்கு அது கப்பலில் போகிறது என்று சாமியார் சொன்னார். அங்கே யாராவது ஒருவர் வாசித்துவிட்டு, துறைமுகத்தில் உன்னைப் பார்க்கும்போது விஷயத்தைச் சொல்லுவார். உறையைப் பிரிக்காமல் வைக்கலாம், காதை அப்படி வைக்க முடியாது. வீட்டு விஷயத்தை ஊர் பார்க்க எழுதுகிறவள் அல்ல நான். உன் அப்பா இறந்தபோதுகூட நான் அழுததை இந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால் எனக்கு வேறு வழி இல்லை என்று புரிந்துகொள். உனக்குத் தெரிந்தவற்றையும் இதில் சொல்லியாக வேண்டும். உனக்கு வந்து சொல்லுகிறவருக்கு ஒன்றும் விளங்காமல் போகக்கூடாது.

நீ நடக்கத் தொடங்கியபோது நாம் அரியலூரில் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு இருந்தது. சுவர் எழுப்பச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு உன் அப்பா அலுத்துப்போனார். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். உன்னைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் அடுப்படியை விட்டு அசையமாட்டாள். அடித்தால் அந்த நேரத்துக்கு அழுவாய், என் தலை மறைந்ததும் மறுபடி கிணற்றடியில் நிற்பாய். பூச்சாண்டியைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. கன்னியர் மடத்தில் நான் படித்தபோது காரணம் சொல்லாமல் போட்ட விதிகளை விடுமுறையிலேயே மறந்துவிடுவோம், காரணம் சொன்ன விதி மட்டும் மனத்தில் தங்கும். ஆகவே உனக்கு ஒரு காரணம் செய்து கொடுத்தேன். அது வளர்ந்து ஒரு நாடாகிவிட்டது.

நம் ஊர் ஓடைகளில் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கின்றன. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று பூகோளம் நடத்திய மடத்துச் சகோதரி எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கடல் எங்கேயும் போய்விடவில்லை, தரைக்கு அடியில் இறங்கிவிட்டது, அதற்குள் ஒரு ராஜ்ஜியம் நடக்கிறது என்று உனக்குச் சொன்னேன். அடிக்கடல் நாடு என்று பெயரும் வைத்தேன். நம் தரை அவர்களுக்குக் கூரை. நம் கிணறு அவர்கள் கூரையில் ஓர் ஓட்டை. நம் பிள்ளை ஒன்று அதில் விழுந்தால் கூரை கிழிந்துபோகும். கிழித்தவன் அதைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். தண்ணீருக்குள் தையல் நிற்காது, ஆகவே தைத்து முடித்துத் திரும்பியவர் எவரும் இல்லை. அதற்குப் பிறகு தண்ணீர் இறைக்கப் போகும் பெரியவர்களிடம்கூட, "பாத்துப் போங்க, கூர கிழிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒவ்வொன்றாகச் சட்டம் சேர்ந்தது. முகம் தெரியாதவர் கொடுக்கும் பண்டத்துக்குள் தூண்டில் முள் இருக்கும். அடுத்தவர் சிப்பி ஓட்டுக்குள் புகுந்தவனை அந்த ஓடே பூட்டிக்கொள்ளும். பொய் சொன்னால் அது வாயிலிருந்து கல்லாக விழும், அப்படி விழுந்தவைதான் ஓடையில் கிடக்கும் கல் சிப்பிகள். மழை விட்ட ஒரு நாள் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட பெரிய கல் ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"அம்மா, இது யாரு சொன்ன பொய்யி?"

"மந்திரி சொன்னது."

"எவ்ளோ பெருசா இருக்கு."

"அவரு நெறையப் படிச்சவருடா."

உன் அப்பா நாற்காலியில் இருந்தபடி செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். அப்போதிருந்த சாமியாருக்கு இது எப்படியோ தெரிந்து, பூசை முடிந்து நான் வெளியே வரும்போது நிறுத்திக் கேட்டார். "டீச்சரம்மா, பத்துக் கட்டளை போதாதுன்னு கடலுக்கடியில வேற கட்டளை போட்டிருக்கீங்களாமே?" "பத்துக் கட்டளையில கெணத்தடி வரலைங்களே சாமி" என்றேன். அவரும் மனிதர்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

காணாமல் போகிற பிள்ளைக்கான சட்டம் ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போகுமுன் செய்தது. கடலில் நீரோட்டம் உண்டு, கை விட்டுப்போன இருவரும் ஒருவரை ஒருவர் தேடி நீந்தினால் ஒருநாளும் சந்திக்க மாட்டார்கள். ஒருவர் அசையாமல் இருக்க வேண்டும், ஒருவர் தேட வேண்டும். அசையாமல் இருப்பது பிள்ளையின் வேலை. கை எந்த இடத்தில் விட்டதோ அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தேடி வருவது பெரியவர் வேலை. பெரியவர் கட்டாயம் வருவார். அந்தத் திருவிழாக் கூட்டத்தில் தேருக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது உன் கை என் கையிலிருந்து நழுவியது. நான் இரண்டு தெரு ஓடி, கோயிலைச் சுற்றி, திரும்பி வந்து பார்த்தபோது, நீ விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். பொரி விற்கிறவர் கடை போட வந்து, "தம்பி, தள்ளி நில்லுப்பா" என்றாராம். நீ, "முடியாதுங்க, எங்கம்மா வரணும்" என்றாயாம். அவர் உன்னைச் சுற்றியே சாக்கை விரித்துக் கடை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இந்தாங்கம்மா, ஒங்க வூட்டு மைல்கல்லு. பெயர்த்து எடுத்துக்கிட்டுப் போங்க, ஏவாரம் கெடுது" என்றார். உன்னை அணைத்துக்கொள்ளவில்லை. "சரியாச் செஞ்ச" என்று மட்டும் சொன்னேன். நீ அழவில்லை. வண்டியில் வரும்போது உன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. என் பெருமையை நான் வெளியே காட்டவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் உன் அப்பா பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஓடைக்கு நம்மை வண்டியில் கூட்டிப்போய், கல்லாகிப் படுத்திருந்த ஒரு மரத்தைக் காட்டினார். நீ அதன் மேல் ஏறி உட்கார்ந்து, இது யார் என்று கேட்டாய். பிள்ளையைத் தேடப்போய், அலுத்துப்போய் வழியில் படுத்துவிட்ட ஓர் அப்பா என்று சொன்னேன். நீ உடனே கீழே இறங்கிவிட்டாய்.

"எவ்ளோ நேரம் தேடினாராம்?"

"பொழுது சாயற வரைக்கும்."

"எவ்ளோ நேரம் தேடியிருக்கணும்?"

"கெடைக்கிற வரைக்கும்."

"புள்ளகிட்ட இதெல்லாம் சொல்லாதம்மா" என்றார் உன் அப்பா. பிள்ளைக்குச் சொன்ன சட்டம் பெரியவர்களையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது சட்டம் இல்லை என்று அவருக்குப் பதில் சொன்னேன். என்னோடு வாதாடி வென்றவர்கள் குறைவு.

நீ வளர்ந்தாய். படித்தாய். உன் அப்பா போன பிறகு ரங்கூனில் அரிசி ஆலை ஆபீசில் வேலை கிடைத்துப் போனாய். அங்கேயே ரெஜினாவைக் கட்டிக்கொண்டாய். மகள் லூர்துவுக்கு நான்கு வயதானபோது மூவரும் ஒருமுறை ஊருக்கு வந்தீர்கள். ஓடையில் ஒரு கல் சிப்பியை எடுத்து அவள் என்னிடம், "இது எந்தப் பொய்யி அப்பத்தா?" என்று கேட்டபோதுதான் நீ அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாய் என்று தெரிந்தது. பிள்ளைகள் எதையும் அரைகுறையாகக் கற்பது எனக்குப் பிடிக்காது. முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டேன்.

"கூட்டத்துல அப்பா கை விட்டுப் போச்சுன்னா என்ன செய்யணும்?"

"அங்கனயே நிக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"அப்பா வர்ற வரைக்கும்."

"அழலாமா?"

அதை நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் உன்னைப் பார்த்தாள், பிறகு தானாகவே சொன்னாள். "அழலாம். நகரக் கூடாது."

முழு மதிப்பெண் கொடுத்தேன். நீ நிலைப்படியில் சாய்ந்து சிரித்தாய். அதற்கு அடுத்த வருஷம் ரெஜினா காய்ச்சலில் போனாள். மகளை ஊருக்கு அனுப்பு, நான் வளர்க்கிறேன் என்று எழுதினேன். என்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்று பதில் எழுதினாய். அது என் குணம். அதற்காக உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

சண்டை வந்தது. ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்ட செய்தி நம் ஊருக்கு வந்த பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோடை பிறந்ததும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருவர் ஆள் அனுப்பியிருந்தார். ரங்கூனில் உன் வீட்டுக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த இப்ராகிம் பாய். வண்டி பிடித்துப் போனேன். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அவர் மனைவி எனக்கு முக்காலி போட்டு, மோர் கொடுத்து, கதவோரம் நின்றுகொண்டார். பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒண்ணாத்தான் டீச்சரம்மா தொறைக்குப் போனோம். தம்பி பொட்டி என் தலையில. புள்ள தம்பி கையில. ஏறுற பலகையில கால் வெச்சாச்சு. அப்ப ஒரு தள்ளு தள்ளுனாங்க பாருங்க, மேல ஏறி நின்னு பாத்தா தம்பி கையில புள்ள இல்ல."

"அப்புறம்?"

"நான் சொன்னேன், நில்லுங்க, பின்னால வர்றவங்க யாராச்சும் தூக்கிட்டு வந்துருவாங்கன்னேன். தம்பி கேக்கல. 'இல்ல பாய், அவ எங்கயும் போகமாட்டா, எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க, விட்ட எடத்துலதான் நிப்பா, போய்த் தூக்கிட்டு வந்துடறேன்'னு சொல்லிச்சு. சிரிச்சுக்கிட்டேதான்மா சொல்லிச்சு. எறங்கிப் போச்சு. பலகைய எடுத்துட்டாங்க."

எழுந்து வந்துவிட்டேன். வண்டியில் வரும்போது அந்தச் சிரிப்பைப் பற்றியே நினைத்தேன். ஏலாக்குறிச்சியில் பொரிக்காரர் முன்னால் நின்ற அதே நம்பிக்கை. அதை உனக்குக் கொடுத்தவள் நான்.

சண்டை முடிந்து கப்பல் விட்டதும், போட்டது போட்டபடி விட்டு வந்த கடையைப் பார்க்கப் பாய் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன். "டீச்சரம்மா, ஒங்களுக்கு வாசப்படி ஏறவே மூச்சு வாங்குது. கப்பல் பலகை ஆடும்மா" என்றார். ஆடட்டும் என்றேன். சென்னைத் துறைமுகம் வரை போனேன், சூசை. இது உனக்குத் தெரிய வேண்டும். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "பாட்டி, நீங்க அக்கரை சேரமாட்டீங்க" என்றார். நான் உங்களுக்குப் பாட்டி இல்லை, ஒரு பையனுக்கு அம்மா, அவனைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் என் சீட்டில் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பாய் மட்டும் கப்பல் ஏறினார். அவருடைய சொந்தக்காரப் பையன் என்னை ரயிலேற்றி அரியலூரில் கொண்டுவந்து விட்டான்.

பாய் திரும்பி வந்து, இந்தத் தடவை அவரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி உசுரோட இருக்கு டீச்சரம்மா. அல்லா மேல ஆணை, என் கண்ணால பாத்தேன். தொறையில சரக்கு எழுதற வேலை. தாடி இங்க வரைக்கும் வந்திருச்சு. பதினொரு வயசு, பன்னெண்டு வயசுப் பொண்ணுங்க போனா மொகத்தப் பாக்குது. அதுக்கு ஒருவாட்டி அடியும் வாங்கியிருக்கு."

"வரச் சொன்னீங்களா?"

"கையப் புடிச்சு இழுத்தேன். 'எவ்ளோ நேரம் தேடணும்னு எங்கம்மாவக் கேட்டுட்டு வாங்க பாய்'ங்குது. என்ன கணக்கோ எனக்குப் புரியல. ஆனா ஒண்ணு சொல்றேன். புள்ளய விட்ட அந்தப் பழைய தொறையே இப்ப இல்லம்மா. குண்டுல போயிருச்சு. புதுசா மரம் அடிச்சு வெச்சிருக்கான். தம்பி அந்த மரத்து மேலதான் நிக்குது."

என்ன கணக்கு என்று பாய்க்கு நான் சொல்லவில்லை. இப்போது எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டேன். உன் கேள்விக்கு என் பதில் இதுதான். போதும். நிறுத்திக்கொள்.

அந்தச் சட்டம் தவறு என்று நான் எழுத மாட்டேன். நாளைக்கே ஒரு பிள்ளை என் முன் வந்து நின்றால் அதையேதான் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் நான் அதை ஒரு திருவிழாவின் அளவுக்கு வெட்டித் தைத்தேன். சாயங்காலம் கூட்டம் கலையும், தேர் நிலைக்குப் போகும், வீட்டுக்குப் போக வண்டி நிற்கும் என்று நினைத்து எழுதிய சட்டம் அது. ஊரே எரியும்போது, ஆயிரம் பேர் ஒரு பலகையில் ஏறும்போது, ஆறு வயதுக் குழந்தை எத்தனை நேரம் நிற்க முடியும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அவள் நிற்கத்தான் பார்த்திருப்பாள். அவள் சொன்ன சொல்லை மீறுகிற குழந்தை இல்லை. யாரோ தூக்கியிருப்பார்கள், அல்லது கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும், அல்லது அன்று இரவே எல்லாம் முடிந்திருக்கும். எதுவானாலும் இப்போது அங்கே அவள் இல்லை. இருந்தாலும் வளர்ந்த லூர்துவின் முகம் உனக்குத் தெரியாது, தாடி வைத்த உன் முகம் அவளுக்குத் தெரியாது. எழுத்து கோணியிருந்தால் அச்சுக்கோர்ப்பவர் நிமிர்த்திப் போடட்டும்.

நீ என் மகன். நியாயம் இல்லாமல் நகரமாட்டாய். ஆகவே நியாயமும் சொல்கிறேன். அந்தச் சட்டத்துக்கு இரண்டு பாதி உண்டு. பிள்ளை நிற்க வேண்டும், பெரியவர் வர வேண்டும். உனக்குப் பெரியவள் நான். உன் கை என்னிடமிருந்து விட்டுப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் வந்திருக்க வேண்டும். சென்னையோடு திரும்பிவிட்டேன். இனி நான் வரப்போவதில்லை. இந்த மழைக்காலத்தைத் தாண்டுவேனா என்பதே சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் பாதி முறிந்துவிட்டதால் உன் பாதி உன்னைக் கட்டாது. சட்டம் செய்தவள் நான், நீக்கும் உரிமையும் எனக்குத்தான். நீக்கிவிட்டேன்.

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். அப்படியானால் லூர்துவுக்குப் பெரியவன் நானல்லவா, என் பாதியை நான் எப்படி முறிப்பேன் என்பாய். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பல நாள் உட்கார்ந்து யோசித்தும் கிடைக்கவில்லை. செபமாலையை உருட்டும்போதும் அதையே தேடினேன். உன்னை எத்தனையோ வாதத்தில் வென்றிருக்கிறேன், இதில் நீ வென்றுவிட்டாய். தோற்ற பிறகும் கேட்கிறேன், வா.

இங்கே வந்தால் ஆறிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறாது. நான் உன் எதிரே உட்கார்ந்திருப்பேன், இருவரும் அவளைப் பற்றிப் பேசாமல் சாப்பிடுவோம். எனக்குக் கண் மங்கிவிட்டது, நீ செய்தித்தாள் படித்துக் காட்டலாம். உச்சரிப்பைத் திருத்துவேன். அவ்வளவுதான் என்னால் தர முடிந்தது. வராவிட்டாலும் சிலவற்றைச் செய். தாடியை எடு. ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. தெருவில் போகும் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காதே. அவர்களுக்கும் அப்பா உண்டு, அந்த அப்பாக்கள் அடிப்பதில் தவறில்லை. ரெஜினாவின் கல்லறையை யாராவது சுத்தம் செய்கிறார்களா என்று பார்.

மழை விட்டதும் பாய் கடைசியாக ஒருமுறை அங்கே வருகிறார். கடையை ஒப்படைத்துவிட்டு, அதே மாதம் திரும்பும் கப்பலில் உனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார். உன்னோடு வாதாடக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். புறப்படும் நாளை மட்டும் சொல்லிவிட்டு, பலகையை எடுக்கும்வரை மேலே நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நீ ஏறமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். உன்னை வளர்த்தவள் நான்.